அன்பப்ளிஷ்டு தீர்ப்பை என் வழக்கில் காட்டலாமா? (கலிஃபோர்னியா)

வேலியோரத்தான்

வணக்கம். வக்கீல் வைக்காமல் நானே நடத்தும் வழக்கு. எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவே ஒரு டிரைவ்வே. பழைய உரிமையாளர்கள் காலத்திலிருந்தே இரண்டு வீட்டுக் கார்களும் அதில்தான் போய்வந்தன. இப்போது அவர் வேலி போட்டு அடைத்துவிட்டார். சுப்பீரியர் கோர்ட்டில் (வழக்கு முதலில் நடக்கும் கோர்ட்) சம்மரி ஜட்ஜ்மென்ட், அதாவது முழு விசாரணை இல்லாமலே தீர்ப்பு, கேட்டு அவர் தரப்பு மனு போட்டிருக்கிறது. பதில் எழுத உட்கார்ந்தபோது இந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று சிக்கியது. வேலி போட்ட இடம்கூட என் கதைதான்! ஆனால் முதல் பக்க உச்சியில் 'அதிகாரபூர்வத் தொகுப்பில் வெளியிடுவதற்கல்ல' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே கட்டத்துக்குள் விதி 8.1115 என்று ஓர் எச்சரிக்கை. எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டு வெளியிடவில்லை என்றால் எப்படி? மூன்று நீதிபதிகள் சேர்ந்து சொன்ன தீர்ப்புதானே?

ராப்பாடி

காட்டாதீர்கள். இப்படிப்பட்ட தீர்ப்பை மேற்கோள் காட்டக்கூடாது என்ற அந்த விதி வக்கீல்களுக்கு மட்டுமில்லை, தானே வாதாடுகிறவருக்கும் உண்டு. எதிர்த்தரப்பு முதல் வேலையாக ஆட்சேபம் எழுப்பும்.

மனுக்கட்டு

மேல்முறையீடு மட்டுமே நடத்தும் ஓர் அலுவலகத்தில் பாராலீகலாக இருக்கிறேன். வக்கீல் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இங்கே 'வெளியிடுவது' என்றால் அதிகாரபூர்வத் தொகுப்பில் ஏறுவது. இணையத்தில் கிடைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளில் பத்துக்கு ஒன்பது தொகுப்பில் ஏறுவதே கிடையாது. புதிதாக ஒரு சட்டக் கருத்தைச் சொன்னால், இருக்கிற விதியை வேறு மாதிரியான சங்கதிகளுக்குப் பொருத்தினால், முரண்பட்ட தீர்ப்புகளைத் தீர்த்துவைத்தால் ஏற்றலாம் என்று விதி 8.1105 சொல்கிறது. மற்றவை அந்த இரண்டு கட்சிக்காரர்களுக்காக எழுதப்படுபவை. அவர்களுக்குத்தான் கதை தெரியுமே என்று பாதிச் சங்கதியை எழுதாமலே விட்டிருப்பார்கள். வேலி உங்களுடையது மாதிரி தெரிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்! அதே கட்சிக்காரர்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்துவது போன்ற ஓரிரண்டு விலக்குகள் உண்டு; உங்களுக்கு எதுவும் பொருந்தாது.

அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு வக்கீலம்மா இப்படிப்பட்ட தீர்ப்பை அச்செடுத்து, அதற்குள் மேற்கோளாக வரும் பிரசுரமான வழக்குகளின் பெயர்களுக்கு மட்டும் மஞ்சள் பூசுவார். பிறகு அந்த வழக்குகளைத் தனித்தனியாக எடுத்துப் படிப்பார். மனுவில் ஏறுவது அவை மட்டும்தான். உங்கள் வழக்குக்கு வேண்டியதை யாரோ ஒரு நீதிபதி ஏற்கெனவே தேடிப்பிடித்து வைத்திருக்கிறார், கூலி இல்லாமல். வாதத்தின் போக்கையும் எடுத்துக்கொள்ளலாம். 'ஒரு மேல்முறையீட்டு அமர்வும் இப்படித்தான் சொன்னது' என்று மட்டும் ஜாடை காட்டாதீர்கள், அதுவும் மேற்கோள்தான்.

அப்புறம், ஒவ்வொரு வழக்கும் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியில் ரொமேரோ எதிர் ஷி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், எழுதி வைக்காத வழிப்பாதை உரிமைகூட (அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை) நிலச் சொந்தக்காரரையே விலக்கி ஒருவருக்கு மட்டுமே ஆனதாக இருக்கலாம், ஆனால் கட்சிக்காரர்களின் நோக்கத்துக்குத் தெளிவான ஆதாரம் வேண்டும் என்றது. அதற்கு முந்தைய தீர்ப்பென்றால் கவனம்.

கடைசியாக, தேதி என்ன? தீர்ப்பு வந்து 20 நாளைக்குள் என்றால், 'இதைத் தொகுப்பில் ஏற்றுங்கள்' என்று அந்த நீதிமன்றத்துக்கே காரணத்தோடு கடிதம் எழுதலாம். கட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை, விதி 8.1120. நீதிமன்றம் மறுத்தால் கடிதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். தலைகீழாகவும் நடக்கும்: தொகுப்பில் ஏறிய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இறக்கிவிடலாம். அது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. நேற்றுவரை சட்டமாக இருந்தது, பெரும்பாலும் ஒரு காரணமும் சொல்லாமல், இல்லாமல் போகும்.

வேலியோரத்தான்

நன்றிங்க. தேதி 2021. கடிதத்துக்கு வழியில்லை. ஃபெடரல் கோர்ட்டில் இதெல்லாம் காட்டலாமாமே?

ராப்பாடி

2007 ஜனவரி 1 முதல் வந்த ஃபெடரல் தீர்ப்புகளை 'அன்பப்ளிஷ்டு' என்பதற்காக மேற்கோள் காட்டக்கூடாது என்று அங்கே தடுக்க முடியாது, மேல்முறையீட்டு விதி 32.1. ஆனால் கட்டுப்படுத்தாது. கூத்து என்னவென்றால், பிரசுரமாகாத அந்தத் தீர்ப்புகளை அச்சிட்டு விற்கவே 2001 முதல் 2021 வரை ஃபெடரல் அப்பெண்டிக்ஸ் என்று ஒரு தொகுதி வரிசை வந்துகொண்டிருந்தது!

அன்பப்ளிஷ்டு தீர்ப்பு கட்டுப்படுத்துமா என்ற சண்டைக்கு அனஸ்டசாஃப் வழக்கைப் படியுங்கள். ஒரு பெண்மணி 6,436 டாலர் வருமான வரியைத் திரும்பக் கேட்டு 1996 ஏப்ரல் 13 அன்று தபாலில் போட்டார். 16ஆம் தேதி போய்ச் சேர்ந்தது, ஒரு நாள் தாமதம். தபாலில் போட்ட நாளே கணக்கு என்ற அவருடைய வாதத்தை 1992இலேயே அதே நீதிமன்றத்தின் ஓர் அன்பப்ளிஷ்டு தீர்ப்பு நிராகரித்திருந்தது. அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2000இல் நீதிபதி ரிச்சர்ட் ஆர்னால்ட் எழுதினார். ஆகவே அந்தப் பெண்மணி தோற்றார். பிறகு அரசே பணத்தைக் கொடுத்துவிட, வழக்கில் தீர்க்க ஒன்றுமில்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் முழு அமர்வு அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. என்னைக் கேட்டால் ஆர்னால்ட் சொன்னதுதான் சரி. ஒரே சங்கதிக்கு நேற்று ஒரு நியாயம், இன்று ஒரு நியாயம் என்றால் கோர்ட் எதற்கு?

மனுக்கட்டு

அடுத்த ஆண்டே ஹார்ட் எதிர் மசனாரி வழக்கில் நீதிபதி கொசின்ஸ்கி ஆர்னால்ட் சொன்னதை மறுத்து எழுதினார், நான் அவர் பக்கம். முன்தீர்ப்பாக, அதாவது பின்னால் வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்துவதாக, நிற்கப்போகிற தீர்ப்பை வார்த்தை வார்த்தையாகச் செதுக்க வேண்டும், எல்லா வழக்குக்கும் அப்படிச் செய்ய நீதிபதிகளுக்கு நேரமே கிடையாது. அவசரத்தில் எழுதிய ஒரு வரி நாளைக்கு உங்கள் டிரைவ்வேயை அடைத்தால் ஒத்துக்கொள்வீர்களா?

வேலியோரத்தான், உங்களுக்கு இன்னொரு வழி. விதி 8.1115 இந்த மாநில நீதிமன்றத் தீர்ப்புகளுக்குத்தான். கலிஃபோர்னியா வழிப்பாதைச் சட்டத்தை அலசிய ஃபெடரல் அன்பப்ளிஷ்டு தீர்ப்பு கிடைத்தால், அதை சுப்பீரியர் கோர்ட்டில் தாராளமாகக் காட்டலாம். கட்டுப்படுத்தாது, ஆனால் நீதிபதி படிக்கத் தடையில்லை. கேட்டால் கொடுக்க ஒரு நகல் கையில் இருக்கட்டும்.