வன்னிக்கு வரவிருக்கும் பழைய கிளாவினெற்: வைத்திருப்பதா, விற்றுவிடுவதா?

இரணைமடு (கிளிநொச்சி) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஜேர்மனியில் வாழும் என் தாய்மாமன் தம்மிடமுள்ள கிளாவினெற் டி6 என்ற, கம்பிகளின் அதிர்வை மின்னொலியாக்கும் கட்டைக் கருவியொன்றைக் கப்பல் வழியாக எனக்கு அனுப்ப முன்வந்துள்ளார். ஹோனர் நிறுவனம் ட்ரொஸ்ஸிங்கன் நகரில் 1970களில் செய்த கருவி அது. நீண்ட காலம் நிலவறையில் கிடந்திருக்கிறது. எல்லாக் கட்டைகளும் வேலை செய்கின்றன. ஆனால் சில கட்டைகளிலிருந்து விரலை எடுத்த பின்னரும் சுரம் நிற்காமல் இழுபடுகிறது என்றும், ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல் கேட்கிறது என்றும் மாமா சொல்கிறார்.

நான் பரந்தனை அண்டிய இசைக்குழுவொன்றில் ஓகன் வாசிக்கிறேன். கோயில் திருவிழாக்களும் கல்யாண வீடுகளும்தான் எங்களுக்கு வருமானம் தருகின்றன. ஆயினும் எங்கள் பேஸ் கிற்றார்காரரும் ட்ரம்ஸ் வாசிப்பவரும் நானும் ஃபங்க் என்னும், தாளத்தை முதன்மையாகக் கொண்ட அமெரிக்க இசையில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர்கள். ஒத்திகை முடிந்த பின்னர் நாங்கள் மூவரும் அதைத்தான் வாசித்துக்கொண்டிருப்போம். அந்த இசைக்கென்றே பிறந்ததுபோல் ஒலிக்கும் கருவியொன்று வீடு தேடி வருகிறது என்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. கவலையும் அதே அளவுக்கு இருக்கிறது. வாடைக்காலத்து ஈரத்தையும் சோழகம் அள்ளிவரும் புழுதியையும் அரை நூற்றாண்டுப் பழைமையுள்ள ஒரு கருவி தாங்குமா? பழுதடைந்தால் இங்கே யாரிடம் கொண்டுபோவது? மாமாவிடம் சொல்லி அதை அங்கேயே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் நல்ல மின்னணு ஓகன் ஒன்றை வாங்குவது பொருத்தமாக இருக்குமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பண்டாரிகுளம் (வவுனியா)

தம்பி, விற்க வேண்டாம். மாமா சொன்ன இரண்டு குறைகளும் வயதோடு வருபவை. இரண்டையும் வன்னியிலேயே, நிதானமான கைகொண்டு திருத்திவிடலாம். நான் சுவிற்சர்லாந்தில் இருந்த காலத்தில் இசைக்கருவிகள் திருத்தும் இடமொன்றில் வேலை பார்த்தேன். றோட்ஸ், வேர்லிற்சர் என்ற மின்பியானோக்களும் கிளாவினெற்றும் அங்கே மேசைக்கு வரும். இப்போது வவுனியாவில் ஆர்மோனியமும் ஓகனும் திருத்துகிறேன். அந்த மூன்றில் நமது ஊருக்கு மிகவும் இணக்கமானது கிளாவினெற் என்றே கருதுகிறேன்.

அதன் உள்ளே நடப்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். டி6இல் 60 கட்டைகள் உள்ளன. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கம்பி. ஐரோப்பாவின் பழைய கிளாவிகோர்ட் என்ற கருவியின் தத்துவத்தை மின்னொலிக்கு ஏற்றவாறு மாற்றி ஏர்ன்ஸ்ற் ஸகரியாஸ் என்பவர் இதை வடிவமைத்தார். கட்டையை அழுத்தும்போது அதன் அடியிலுள்ள சிறிய றப்பர் முனை, கம்பியைக் கீழேயிருக்கும் உலோக முட்டின்மீது அடித்து, விரல் எடுபடும்வரை அங்கேயே அழுத்திப் பிடித்திருக்கும். அந்த முட்டுக்கு ஒரு பக்கத்திலுள்ள கம்பி மட்டுமே அதிர்ந்து சுரமாகிறது. மறுபக்கத்தில் எல்லாக் கம்பிகளினூடாகவும் கம்பளி நூல் பின்னப்பட்டிருக்கும். விரலை எடுத்தவுடன் கம்பி முழு நீளத்துக்கும் விடுபடுவதால், அந்த நூல் அதிர்வை உறிஞ்சி ஒலியைச் சட்டென்று அடக்கிவிடுகிறது. கிளாவினெற்றின் துள்ளலுக்குக் காரணம் அடியைவிட இந்த அடக்கமே என்று நான் சொல்வேன்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இழுபடும் சுரத்தின் காரணம் உங்களுக்கே புலப்படும். பழைய றப்பர் முனைகள் காலப்போக்கில் இளகிப் பசையாகிவிடும். அந்தப் பசையில் கம்பி ஒட்டிக்கொள்வதால் கட்டை மேலெழுந்தும் கம்பி உடனே விடுபடாது. கம்பளி நூல் தேய்ந்திருந்தாலும் ஒலி அடங்கத் தாமதமாகும். ஆகவே புதிய றப்பர் முனைகள் ஒரு தொகுதி, கம்பிகள் ஒரு தொகுதி, கம்பளி நூல் ஆகியவற்றை மாமாவை அங்கேயே வாங்கி, கருவியுடன் ஒரே பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். இவற்றை இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் இங்கிருந்துகொண்டு தருவிப்பது சிரமம். முனைகளை மாற்றும்போது ஒட்டும் கட்டைகளை மட்டும் தெரிந்தெடுக்காமல் அறுபதையும் மாற்றிவிடுங்கள். பழையதும் புதியதும் கலந்திருந்தால் கட்டைக்குக் கட்டை விரலின் உணர்வு வேறுபடும். ஃபங்க் வாசிப்பவருக்கு அது பெரிய இடைஞ்சல்.

இரைச்சலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கம்பிகளுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் இரண்டு நீண்ட பிக்கப்புகள் உள்ளன. அவை மின்கிற்றாரின் பிக்கப்பைப் போலவே அருகிலுள்ள ட்ரான்ஸ்போமர், ரியூப் லைற் ஆகியவற்றின் இரைச்சலையும் சேர்த்து வாங்கும். உள்ளே செப்பு நாடா ஒட்டி, அதையும் கம்பிகளைத் தாங்கும் உலோகச் சட்டத்தையும் எர்த் வயருடன் ஒழுங்காக இணைத்துவிட்டால் பெரும்பகுதி குறைந்துவிடும். முழுமையாக ஒழியாது.

காலநிலைதான் உண்மையான சோதனை. ஐப்பசி தொடங்கித் தை வரை காற்றிலுள்ள ஈரம் கம்பிகளில் துருவேற்றும். பலகை ஊதிக் கட்டைகள் ஒன்றோடொன்று உரசும். கருவியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பொலித்தீனால் போர்த்தவே வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். பருத்தித் துணியால் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொதிகளை வைத்து, அவை ஈரத்தை உறிஞ்சியதும் மாற்றிக்கொள்ளுங்கள். நிலத்தில் நேரடியாக வைத்தால் கறையான் ஏறும் என்பதை வன்னியில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மற்ற இரண்டையும் ஏன் பின்னுக்குத் தள்ளினேன் என்றால், 73 கட்டைகள் கொண்ட றோட்ஸை ஓர் ஓட்டோவில் ஏற்ற முடியாது. இரண்டு பேர் வேண்டும். அமெரிக்காவில் விற்பதற்கென்று செய்யப்பட்ட வேர்லிற்சர் 200ஏ 120 வோல்ற்று மின்சாரத்தில் இயங்குவது. நமது 230 வோல்ற்றில் நேரடியாகக் கொளுவினால் கருகிவிடும். அதன் பிக்கப்புக்குப் போகும் மின்னழுத்தமும் தொடத் தகாத அளவு உயர்ந்தது. டி6இன் உள்ளே இருப்பது 9 வோல்ற்றுப் பற்றரியில் இயங்கும் சிறிய சுற்று மட்டுமே. பழகுபவர் அச்சமின்றித் திறந்து பார்க்கலாம்.

தாழ்வுபாடு (மன்னார்)

வவுனியா அண்ணையின் விளக்கத்தை மதிக்கிறேன், எனினும் மறுபக்கத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. நான் தேவாலயத்திலும் மேடைகளிலும் வாசிப்பவன். இன்றைய நல்ல மின்னணு ஓகன்களில் கிளாவினெற்றின் ஒலி மிகத் துல்லியமாகப் பதியப்பட்டிருக்கிறது. விரலை எடுக்கும்போது எழும் சிறிய ஓசையைக்கூடச் சில கருவிகள் தருகின்றன. பாடகர் திடீரென்று அரைக் கட்டை இறக்கச் சொன்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். டி6இல் அப்படியொரு பொத்தான் இல்லை. கடற்கரையோரக் கோயிலொன்றில் இரவு முழுவதும் உப்புக்காற்றில் நின்ற கம்பிகளின் நிலையையும் எண்ணிப்பாருங்கள். இசையால் குடும்பம் நடத்துபவர் வருமானத்துக்குரிய கருவியையும் விருப்பத்துக்குரிய கருவியையும் வேறு வேறாக வைத்திருப்பதே முறை என்பது என் கருத்து. இரண்டுக்கும் வசதியில்லையென்றால் முன்னதையே தெரிவுசெய்யுங்கள்.

முள்ளியவளை (முல்லைத்தீவு)

மன்னார் நண்பர் சொன்னதில் மேடையைப் பற்றிய பகுதி சரியானது. நானும் என் டி6ஐத் திருவிழா மேடைகளுக்குக் கொண்டுபோவதில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் ஃபங்க் வாசிக்க விரும்புகிறார். அவ்விசையை மின்னணு ஓகனில் வாசிக்கலாம். கற்றுக்கொள்வது கடினம் என்பதே என் அனுபவம். மின்னணு ஓகனில் விரல் சற்றுச் சோம்பினாலும் ஒலி அழகாகவே வரும். கிளாவினெற் அப்படி மன்னிக்காது. எவ்வளவு நேரம் அழுத்துகிறோம், எந்தக் கணத்தில் விடுகிறோம் என்பது அப்படியே வெளியே கேட்டுவிடும். சுரத்தை நீட்டும் மிதிகட்டை அதில் இல்லை. ஆகவே நீட்டுவதும் நிறுத்துவதும் முழுக்க விரலின் பொறுப்பு.

நமது பக்கத்தில் தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும் என்று நம்புகிறேன். ஃபங்க் தாளத்தின் அடிப்படை சதுஸ்ர நடைதான்: நான்கு அடிகள், அடிக்குத் தகதிமி என்று நான்கு பிரிவுகள், மொத்தம் பதினாறு. முதல் அடியான சமத்தில் பேஸும் ட்ரம்ஸும் சேர்ந்து விழவேண்டும். அந்த ஓர் இடத்தில் ஒருமித்து விழுவதை, ஃபங்க் இசையின் முன்னோடியான ஜேம்ஸ் பிரவுண் தம் குழுவினரிடம் விடாப்பிடியாக வலியுறுத்தினார். மீதியுள்ள பதினைந்து பிரிவுகளில் எவற்றை ஒலிக்கவிடுவது, எவற்றை வெறுமையாக விடுவது என்பதில்தான் கிளாவினெற் வாசிப்பவரின் கலை இருக்கிறது. வலக்கை சுரக்கோவையை வாசிக்கும்போது, இடக்கை இடைவெளிகளில் கட்டைகளை மிக இலேசாகத் தட்டிச் சுரமாகாத சிறு ஓசைகளை நிரப்பும். முதலில் சதுஸ்ர நடையை வாயால் சொல்லிக்கொண்டு, மெதுவான காலத்தில் இடக்கையை மட்டும் பழக்குங்கள். வேகத்தைப் பிறகு கூட்டலாம்.

கற்பதற்கு ஒரு பாடலை மட்டும் சொல்லவேண்டுமானால் அமெரிக்கப் பாடகர் ஸ்ரீவி வொண்டர் 1972இல் வெளியிட்ட ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாடலைச் சொல்வேன். அதில் அவர் வாசித்தது டி6க்கு முந்தைய கிளாவினெற் சி. பாடலின் சுருதி நமது கணக்கில் இரண்டரைக் கட்டை. அங்கே ஸட்ஜத்தை வைத்துக் கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் ச க ம ப நி என்று சுத்த தன்யாசி இராகத்தின் சுரங்களே கிடைக்கும். அந்தப் பாடலின் முதன்மைக் கோவை பெரும்பாலும் இவற்றுக்குள்தான் நிற்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இசைத்தட்டில் கேட்பது ஒரு கிளாவினெற் மட்டுமல்ல. அவரே பல தடவை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கிறார். அதனால் இரண்டு கைகளால் அத்தனையையும் வாசிக்க முயன்று மனம் சோர்ந்துவிடாதீர்கள். ஒரு கோவையைத் தெரிந்தெடுத்து அதைத் தளராமல் பிடித்தால் போதும்.

ஒலிக்கு ஒரு கிற்றார் அம்பிளிபயரே பொருத்தமானது. இடையில், ஒலியின் நிறத்தைக் காலால் மாற்றும் வாவா பெடல் வைத்தால் கருவி பேசத் தொடங்கிவிடும். த பாண்ட் என்ற றொக் இசைக்குழுவின் கார்த் ஹட்சன் 1969இலேயே கிளாவினெற்றை அவ்வாறு வாசித்திருக்கிறார். டி6இலுள்ள சுவிற்சுகளால் இரண்டு பிக்கப்புகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும், ஒன்றின் சைகையை மற்றதற்கு எதிராகத் திருப்பி (எதிர்க் கட்டத்தில்) சேர்த்தும் பயன்படுத்தலாம். கடைசியாகச் சொன்னதில் அடிநாதம் மெலிந்து கூரான ஒலி வரும். பேஸ் கிற்றாருக்கு இடம்விட்டு வாசிக்க அது நல்லது. கம்பிகளை மந்தமாக்கும் நெம்பு ஒன்றும் இருக்கிறது. அதைப் பாதியளவு தள்ளிவைத்துப் பாருங்கள், கட்டைகளில் தாளவாத்தியத்தின் குணம் வந்துவிடும்.

பராமரிப்பில் வவுனியா அண்ணை சொல்லாத ஒன்று: நாள்தோறும் சிறிது நேரமாவது எல்லாக் கட்டைகளையும் வாசியுங்கள். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் என் கருவி இன்றுவரை நல்ல நிலையில் இருப்பதற்கு அதையும், வாசித்து முடித்ததும் தவறாமல் மூடி போடுவதையுமே காரணமாகக் கருதுகிறேன்.

இரணைமடு (கிளிநொச்சி)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கருவியை வரவழைப்பதென்று முடிவுசெய்துவிட்டேன். மேடைக்குப் பழைய ஓகனே தொடரும். றப்பர் முனைகள், கம்பிகள், நூல் மூன்றையும் வாங்கும்படி மாமாவுக்கு இன்றே எழுதியிருக்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. கப்பலில் வரும்போது கம்பிகளைத் தளர்த்திவிட வேண்டுமா? வந்தபின் சுருதி கூட்டுவதை நானே செய்யலாமா?

பண்டாரிகுளம் (வவுனியா)

தளர்த்த வேண்டாம். எல்லாக் கம்பிகளையும் ஒருமிக்கத் தளர்த்திப் பின் ஏற்றினால் நெடுநாள் சுருதி நிற்காது. பழைய கம்பிகள் சில அறுந்தும் போகலாம். பற்றரியைக் கட்டாயம் கழற்றச் சொல்லுங்கள், அது கசிந்தால் சுற்று அரித்துவிடும். கட்டைகள் குலுங்காதபடி அவற்றுக்கும் மூடிக்கும் இடையில் மெல்லிய பஞ்சுமெத்தை வைத்து, கருவியைக் கிடையாகவே பொதிசெய்ய வேண்டும்.

சுருதியை நீங்களே கூட்டலாம். ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி முறுக்காணி உண்டு. கைத்தொலைபேசியிலுள்ள சுருதி காட்டும் செயலியில் ஏ சுரத்தை 440 அதிர்வுக்கு வைத்து, நடுப்பகுதியிலிருந்து தொடங்கி இரு பக்கமும் செல்லுங்கள். முறுக்காணியை ஒரே திருப்பில் அதிகம் ஏற்றாதீர்கள். முனைகளை மாற்றிய பின்னரே சுருதி கூட்டுங்கள். முன்னரே கூட்டினால், புதிய முனை கம்பியில் படும் அழுத்தம் மாறுவதால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். பெட்டி வந்ததும் உடனே மின்னிணைப்புக் கொடுக்காமல் ஓரிரு நாட்கள் அறையின் வெப்பத்துக்குப் பழகவிட்டு, பின் மூடியைத் திறந்து உட்புறத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். நூலையும் முட்டுகளையும் பார்த்தால் எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்வேன்.