ஆங்கர் காதுல யார் பேசுறாங்க? டிவி மியூசிக் ஷோ பக்கம் போனவங்க அனுபவத்த கொட்டுங்க

பழைய ஏபி
நான் அசிஸ்டென்ட் புரொட்யூசரா ஏழு வருஷம் மியூசிக் ஷோவுலயே ஓட்டினவன், நானே ஆரம்பிக்கிறேன். ஒரு லைவ் நாள், அடுத்த பாட்டுக்கு பத்து செகண்ட் இருக்கு, கீபோர்டு செத்துப்போச்சு. அடாப்டரா வயரான்னு யாருக்கும் தெரியல. பிசிஆர்ல, அதான் ஷோவ கன்ட்ரோல் பண்ற ரூம்ல இருந்து, எங்க புரொட்யூசர் டாக்பேக்ல (ஆங்கர் காது இயர்பீஸ்ல பேசுற லைன்) சொன்னது ரெண்டே வார்த்த, "ஃபில் பண்ணு". எவ்ளோ நேரம்னு சொல்லல, ஏன்னா அவருக்கே தெரியாது. அந்த ஆங்கர் முகத்துல ஒரு சின்ன சுளிப்பு கூட இல்ல, நேரா போயி டிரம்ஸ் பக்கத்துல தரையிலயே உக்காந்துட்டாங்க, "அண்ணே இதுவரைக்கும் எத்தன குச்சி ஒடச்சிருப்பீங்க"ன்னு கேட்டாங்க. அவரு வெக்கப்பட்டுக்கிட்டே பைய தொறந்து ஒடஞ்ச குச்சிய எல்லாம் எடுத்துக் காட்ட, அதுல ரெண்ட ஆடியன்ஸ் கையில குடுத்து தாளம் போட வச்சு, நாலு நிமிஷம் ஓட்டிட்டாங்க. கீபோர்டு வந்துருச்சு.
காமெடி என்னன்னா அடுத்த நாள் மேல இருந்து போன் வருது, "அந்த டிரம்மர் செக்மென்ட் நல்லா இருந்துச்சே, வாராவாரம் வச்சிருங்க"ன்னு. வச்சோம். ரெண்டாவது வாரமே படுத்துருச்சு.

முன்னாள்_ஆங்கர்
ஏபி, அந்த "ஃபில் பண்ணு" கேக்குறப்ப வயிறு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் 😄 தெரியாதவங்களுக்கு சொல்றேன், இயர்பீஸ்ல ரெண்டு வகை இருக்கு. ஒன்னு புரொட்யூசர் பட்டன அமுக்கினா மட்டும் கேக்கும். இன்னொன்னு ஓப்பன் டாக்பேக், பிசிஆர்ல பேசுற எல்லாமே காதுக்குள்ள வரும். கேமராமேனுக்கு சொல்றது, கிராஃபிக்ஸ திட்டுறது, ரன் டவுன்ல (எது எப்ப வரும்னு போட்ட லிஸ்ட்) எத தூக்கலாம்னு சண்ட, எல்லாம். என் முதல் லைவ்ல எனக்கு ஓப்பன குடுத்துட்டாங்க, எச்சரிக்கவும் இல்ல. நான் ஜட்ஜ பாத்து சிரிச்சுக்கிட்டே "உங்க அடுத்த ஆல்பத்துக்காக எல்லாரும் மூணாவது கேமரா லூசா போ"ன்னு சொல்லிட்டேன். லைவ்ல. லூசுன்னா ஷாட்ட இன்னும் அகலமா வைக்கிறது; மூணாவது கேமராமேன் நெஜமாவே லூசா போனாரு, அவரச் சொல்லி குத்தமில்ல.

ரெண்டாவது_வரிசை
நான் வெறும் ஆடியன்ஸ்ங்க. சிங்கிங் ஷோ ஷூட்டிங்னு ஃப்ரெண்டு கூட்டிட்டு போனான். உள்ள போனதும் போன வாங்கிட்டாங்க, அப்புறம் ஒரு ஃப்ளோர் மேனேஜர் வந்து காலி மேடைய பாத்து கை தட்டச் சொன்னாரு. அப்புறம் அதே காலி மேடைய பாத்து ஆச்சரியப்படச் சொன்னாரு, அப்புறம் எந்திரிச்சு நின்னு தட்டச் சொன்னாரு, இன்னும் பாட வேண்டியவங்க ஒருத்தர் கூட வரல! ஒம்போது மணி நேரம் ஆச்சு. நடுவுல தூக்கம் தாங்காம கண்ண கசக்குனேன். டெலிகாஸ்ட்ல பாத்தா ஒரு பொண்ணு பாட்ட முடிக்குது, நான் கண்ணத் தொடச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், பின்னாடி ஸ்லோவா பியானோ வேற. அந்தப் பொண்ணு பாடுறப்ப நான் ஹாலுக்குள்ளயே இல்ல.

நைட்ஷிஃப்ட்_எடிட்டர்
அந்த ஷாட்ட வச்சது நானா இருக்காது, ஆனா நானா இருந்தாலும் வச்சிருப்பேன் 🙏 பாட்டு எமோஷனா இருக்கு, கட் பண்ண ஒரு முகம் வேணும், யாரோ ஒருத்தர் கண்ணுல கை வச்சிருக்காரு. விடிகாலைல எபிசோட ஏத்தியாகணும். சார் நீங்க வரம்.
எனக்கு உண்மையான தலைவலி ஆங்கர் லிங்க்ஸ்தான், அதான் ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஆங்கர் பேசுறது. ஒரே நாள்ல ரெண்டு மூணு எபிசோடு எடுத்துடுவாங்க, ட்ரெஸ் மட்டும் மாறும். "போன வாரம் பாத்தோமே"ன்னு ஆங்கர் சொல்ற அந்தப் போன வாரம் முக்கா மணி நேரத்துக்கு முன்னாடி நடந்தது.

சவுண்டு_பெட்டி
எல்லாரும் எடிட்டர திட்டுறீங்க, லைவ்ல ட்ராக் (முன்னாடியே பதிவு பண்ண பாட்டு) ஓட்டுறவன் உசுரு போறத யாரும் பேச மாட்டீங்க. 2004 அக்டோபர்ல அமெரிக்காவுல சாட்டர்டே நைட் லைவ்ங்கிற காமெடி ஷோவுல பாடகி ஆஷ்லீ சிம்ப்சன் ரெண்டாவது பாட்டுக்கு வந்து நிக்கிறாங்க, ஏற்கனவே பாடி முடிச்ச பாட்டோட குரல் ஓடுது, மைக் இடுப்புக்கிட்ட இருக்கு. நான் அந்த வீடியோவ இன்னிக்கும் முழுசா பாக்க மாட்டேன்.

ரிசல்ட்_கார்டு
என் வேல ஷோவுல கார்டு அடிக்கிறது. 2015 மிஸ் யுனிவர்ஸ்ல ஆங்கர் ஸ்டீவ் ஹார்வி ஜெயிச்சவங்க பேர பிலிப்பைன்ஸ்னு சொல்றதுக்கு பதிலா கொலம்பியான்னு சொன்னாரு, ஞாபகம் இருக்கா? எல்லாரும் அவர கிண்டல் பண்ணாங்க, நான் கார்டத்தான் பாத்தேன். ரன்னர் அப் பேரெல்லாம் ஒரு பக்கம், ஜெயிச்சவங்க பேரு கீழ வலது ஓரத்துல, கட்ட விரல் வைக்கிற இடத்துல. மனுஷன் மேடையிலயே திரும்பி வந்து தப்பு என்னோடதுன்னாரு, அடுத்த தடவையும் அவரத்தான் கூப்பிட்டாங்க. ஆனா அந்த கார்ட டிசைன் பண்ணவங்களுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் எங்கயும் சண்ட போடுவேன். நாங்க இப்ப ஒரு கார்டுக்கு ஒரே ஒரு பேருதான் அடிக்கிறோம்.

பழைய ஏபி
அக்கா, நீங்க ஏன் ஆங்கரிங்க விட்டீங்க? சொல்லக்கூடாதுன்னா விடுங்க.

முன்னாள்_ஆங்கர்
சொல்றதுக்கென்ன. எங்களுக்கு மாச சம்பளம் இல்லப்பா, எபிசோடுக்கு இவ்ளோன்னு கணக்கு, சீசன் முடிஞ்சா காண்ட்ராக்டும் முடிஞ்சது. மூணு சீசன் பண்ணேன். நாலாவதுக்கு டேட் கேப்பாங்கன்னு காத்திருந்தேன், டிவில ப்ரோமோ வந்துச்சு, அதுல வேற முகம். சேனல்ல ஒருத்தர் கூட ஒரு போன் போடல. அந்தப் புது பொண்ணு மேல கோவமே இல்ல, அவளுக்கும் ரெண்டு சீசன்தான்னு எனக்குத் தெரியும் (ஒன்றரைதான் ஆச்சு). அப்பதான் மண்டையில ஒறச்சது, முகத்த வாடகைக்கு விட்டா காலி பண்ணச் சொல்லத்தான் செய்வாங்க. அமெரிக்காவுல டான் கார்னீலியஸ் 1970ல சிகாகோவுல சோல் ட்ரெய்ன்னு ஒரு மியூசிக் டான்ஸ் ஷோ ஆரம்பிச்சாரு, 1993 வரைக்கும் அவரே ஆங்கர், ஏன்னா ஷோவே அவரோடது, அவர யாரு மாத்துறது? அங்க இன்னொரு மியூசிக் ஷோ ஆங்கர் டிக் கிளார்க்கும் அதே மாதிரி பக்கத்துலயே புரொடக்‌ஷன் கம்பெனி வச்சிக்கிட்டாரு. நம்மளால கம்பெனியெல்லாம் முடியல, ஆனா ரிசர்ச்சரா கீழ இருந்து ஆரம்பிச்சு இப்ப புரொட்யூசர். பட்டன் இப்ப என் கையில. புது ஆங்கருக்கு ஓப்பன் டாக்பேக் குடுக்கவே மாட்டேன்.
அந்த இயர்பீஸ் மட்டும் திருப்பிக் கேக்கல. என் காதுக்கு அளவெடுத்து செஞ்சது, வேற யாருக்கும் சேராது. டிராயர்ல கெடக்கு.

சவுண்டு_பெட்டி
அக்கா, அதுல இருந்த காதழுக்க வாராவாரம் தொடச்சி வச்சவன் ஒருத்தன் இருந்திருப்பான், அவனையும் கொஞ்சம் நெனச்சுக்கோங்க.