மறு: ‘பூல்டு ஃபண்ட் ஸ்டடி’க்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

பல மாநிலங்கள் பணம் சேர்த்து நடத்தும் ஆய்வான ‘பூல்டு ஃபண்ட் ஸ்டடி’க்கு மூன்று நாளாகக் கூட்டுநிதி, தொகுநிதி, திரள்நிதி, மகமை என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. பொருளைப் பிடிக்காமல் சொல்லைத் தேடுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம். அமெரிக்க மாநில நெடுஞ்சாலைத் துறைகள் தங்கள் ஆய்வுப் பணிகளை எப்படி நடத்துகின்றன என்ற கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கூட்டரசு மாநிலங்களுக்குத் தரும் முக்கியமான சாலை நிதிகளில் 2 விழுக்காட்டைத் திட்டமிடலுக்கும் ஆய்வுக்கும் என்று சட்டமே ஒதுக்கிவைக்கிறது. அந்த 2 விழுக்காட்டிலும் குறைந்தது கால் பங்கு ஆய்வு சார்ந்த வேலைக்குப் போக வேண்டும். தார் போடப் பணம் போதவில்லை என்று அதில் சுலபமாகக் கைவைக்க முடியாது. வியாபாரத்தில் இத்தனைக்கு இத்தனை என்று பொதுக்காரியத்துக்கு எடுத்துவைப்பதுதானே மகமை? ஆகவே அந்தச் சொல்லை முன்வைத்த அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் அது பொருந்துவது இந்த ஒதுக்கீட்டுக்கு, பூல்டு ஃபண்டுக்கு அல்ல.

பூல்டு ஃபண்டின் கதை வேறு. பனியை உருக்கத் தூவும் உப்பு, பாலத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரிக்கிறது. இது ஒரு மாநிலத்தின் தொல்லை மட்டுமல்ல. குளிர் அதிகமுள்ள எல்லா மாநிலங்களுக்கும் உள்ளதுதான். ஆளுக்கொரு ஆய்வு என்றால் ஆளுக்கொரு செலவு. எனவே ஒரு மாநிலமோ கூட்டரசின் நெடுஞ்சாலை நிர்வாகமோ பொறுப்பேற்று, ‘கேள்வி இது, இவ்வளவு ஆகும், யார் யார் வருகிறீர்கள்?’ என்று அறிவிக்கும். விருப்பமுள்ள மாநிலங்கள் தங்கள் ஆய்வுப் பணத்திலிருந்து பங்கு போடும். போட்டவர்களின் பொறியாளர்கள் குழுவாக உட்கார்ந்து வேலையை மேற்பார்ப்பார்கள். வழக்கமாக இத்தகைய ஆய்வுச் செலவில் 20 விழுக்காடு மாநிலத்தின் சொந்தக் காசு. இப்படிச் சேர்ந்து செய்யும்போது அந்தச் சொந்தக் காசு இல்லாமலே செய்ய அனுமதி வாங்கலாம். ஆசை காட்டத்தான் அந்தச் சலுகை என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் இது கூட்டாஞ்சோறு. அரிசி ஒரு வீடு, பருப்பு ஒரு வீடு, கத்தரிக்காய் ஒரு வீடு, அடுப்பு மட்டும் ஒருவருடையது. ஒரே வித்தியாசம், வெந்த சோறு அரிசி போடாதவருக்கும் கிடைக்கும். அறிக்கையைப் பொதுவில் வைத்துவிடுவார்கள். என்ன சமைப்பது என்று சொல்லும் உரிமைதான் போட்டவர்களுக்கு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். தொகுநிதியும் திரள்நிதியும் அரசின் வருவாய் எல்லாம் போய்ச் சேரும் தொகுப்பு நிதியை நினைவூட்டுகின்றன. கணக்குத் துறைக்காரர்கள் குழம்புவார்கள். கூட்டுநிதி தவறில்லை, ஆனால் எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். என் பரிந்துரை ‘சேர்நிதி’. வினைத்தொகை, சேர்ந்த, சேர்கிற, சேரும் நிதி. ஆய்வு பாதியில் இருக்கும்போது புதிதாக ஒரு மாநிலம் வந்து சேர்வதும் உண்டு என்பதால் மூன்று காலமும் இதற்குத் தேவை. ஆய்வைச் சேர்நிதி ஆய்வு எனலாம்.

அன்புடன்,
கிண்டிக்காரன்

மறுமொழி:

ஐயா, விளக்கம் அருமை. மகமையைத் தோற்றாலும் வருத்தமில்லை. ஆனால் மாம்பலத்தில் சேர் என்றால் முதலில் நாற்காலிதான் நினைவுக்கு வரும். அவசரத்தில் படித்தால் சேமநிதி என்றும் விழும். நிதியை விட்டுவிட்டுக் ‘கூட்டாய்வு’ என்று வைத்தால் என்ன?

மறுமொழி:

அம்மாவின் கூட்டாய்வை ஏற்க மனம் வரவில்லை. பணமே போடாமல் இரண்டு கல்லூரிகள் சேர்ந்து செய்வதும் கூட்டாய்வுதான். இங்கே பணம்தான் விஷயம்.

நான் நெடுஞ்சாலைத் துறைப் பணியிலிருந்தபோது ஒரு கரிசல் மண் சாலை. மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். சுண்ணாம்பு கலந்து மண்ணைச் சோதித்து முடித்தபின்தான், பக்கத்துக் கோட்டத்தில் அதே சோதனை இரண்டு வருடம் முன்பே நடந்து அலமாரியில் தூங்குவது தெரிந்தது. ஒரே துறைக்குள் இந்தக் கதை. கரிசல் மண் தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா எல்லாவற்றிலும் உண்டு.

பிளாஸ்டிக் சாலையையும் பாருங்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனின் முறை அது. 2002இல் நம் நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவிலேயே பிளாஸ்டிக் கலந்த தார்ச்சாலை போட்டுப்பார்த்தார்கள். பெங்களூரில் கிட்டத்தட்ட அதே காலத்தில் தனியாக ஒரு முயற்சி. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டி வந்தது 2013இல். இரண்டு ஊரும் ஒரே அடுப்பில் வைத்திருந்தால் சீக்கிரம் வெந்திருக்குமோ என்று எனக்கு இன்றும் தோன்றும்.

என் ஓட்டு சேர்நிதிக்கே. நாற்காலிக் குழப்பம் பேச்சில்தான். எழுத்தில் ‘சேர்நிதி ஆய்வு’ என்று முழுதாக வந்தால் தீரும்.

மறுமொழி:

சரி, நாற்காலியை மடக்கி வைத்துவிடுகிறேன். ஆனால் 2 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கு ‘ஆய்வு மகமை’ என்று போட வேண்டும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்புறம், அடுப்பு தரும் மாநிலத்துக்கு என்ன பெயர்?

மறுமொழி:

ஆய்வு மகமை, ஒப்புக்கொண்டேன் அம்மா. ‘லீட் ஸ்டேட்’டுக்குப் பொறுப்பு மாநிலம் என்று எழுதியிருக்கிறேன். முன்னோடி என்றால் மற்றவர்கள் பின்தங்கியவர்கள் ஆகிவிடுவார்கள். ஒரு மாநிலத்தின் ஆய்வுப் பிரிவு எப்படி நடக்கிறது என்று மற்ற மாநிலத்தவர் வந்து உட்கார்ந்து பேசும் ‘பியர் எக்ஸ்சேஞ்ச்’ அடுத்து இருக்கிறது. தணிக்கை என்ற வாடையே வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொற்களை அனுப்புங்கள்.

கிண்டிக்காரன்