தீர்ப்பு எழுதினால் ஆறு சுத்தமாகிவிடுமா?

சட்ட மாணவி:
சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம், செயல்படுத்துவது அரசு. நடுவில் நீதிபதியால் என்ன செய்ய முடியும்? தீர்ப்புக்குப் பிறகும் கழிவு ஆற்றில்தானே கலக்கிறது என்று நினைத்தால் மனசு சோர்ந்துபோகிறது.

பழைய வழக்கறிஞர்:
சோர்ந்துபோகாதீர்கள். முதல் பிரச்சினையே யார் வழக்கு போடலாம் என்பதுதான். காட்டுக்கு வக்கீல் வைக்கத் தெரியாதே. 1990இல் பிலிப்பைன்ஸில் சில குழந்தைகள், பெற்றோர் துணையோடு, மரம் வெட்டும் உரிமங்களை எதிர்த்து வழக்கு தொடர்ந்தார்கள். இன்னும் பிறக்காத தலைமுறைகளுக்காகவும் அவர்கள் வழக்காடலாம் என்று 1993இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்தத் தீர்ப்பை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சட்ட மாணவி:
சரி, அப்புறம் அமல்படுத்துவது யார்?

பழைய வழக்கறிஞர்:
அதற்குத்தான் வழக்கை மூடாமல் வைத்திருப்பது. 2008இல் மணிலா விரிகுடா வழக்கில் அரசுத் துறைகளைச் சுத்தம் செய்யச் சொன்ன அதே நீதிமன்றம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கையும் கேட்டது. நான் நடத்திய ஆலைக் கழிவு வழக்கு ஒன்றில் நீதிபதியே நேரில் வந்து ஓடையைப் பார்த்தார். அதன் பிறகு எதிர்த்தரப்பு வாய்தா கேட்பதே குறைந்துவிட்டது.

இன்னொரு வாசகர்:
நெதர்லாந்தையும் சேருங்கள். 1990 அளவோடு ஒப்பிட்டு, 2020க்குள் புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வை அரசு குறைந்தது 25% குறைத்தே ஆகவேண்டும் என்ற உத்தரவை 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எப்படிக் குறைப்பது என்பதை மட்டும் அரசிடமே விட்டது.