மளிகைப் பணத்தைக் கால் பங்கு குறைக்கணும்: சத்தில் எங்கே கைவைக்கலாம், எங்கே கூடாது?

மாதக்கடைசி என்ற புனைபெயரில் ஒருவர் கேட்டது (பதில் சொல்பவர்களுக்கும் புனைபெயர்தான்):

வீட்டில் பெரியவர்கள் இருவர், எட்டு வயதுப் பிள்ளை ஒன்று. மளிகை, காய்கறி, பால், முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கும் தொகையை அடுத்த மாதத்திலிருந்து கால் பங்கு குறைத்தாக வேண்டும். இப்போதே கடைசி வாரம் வந்தால் சோறும் உருளைக்கிழங்கும்தான்.

புரதத்துக்கு எது கட்டுப்படியாகும்: முட்டையா, பயறா, பாலா, கோழியா? கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் சில தடவை எவ்வளவு வேகவைத்தாலும் கல்லு மாதிரியே நிற்கின்றன, ஏன்? கீரை மூன்றாம் நாளே அழுகிவிடுகிறது. பிள்ளைக்கு வாங்கும் ஊட்டச்சத்து பானப் பொடியை நிறுத்தினால் ஏதாவது குறைந்துபோகுமா? குக்கர் உண்டு, ஃபிரிட்ஜ் சிறியது, ஃபிரீசர் அதைவிடச் சிறியது.

அரைப்படி:

கிலோ என்ன விலை என்று பார்ப்பதை விடுங்கள். விலையை அதில் இருக்கும் புரதத்தின் கிராமால் வகுத்துப் பாருங்கள். 100 கிராமுக்குத் தோராயக் கணக்கு இது: உலர்ந்த பருப்பு, பயறு 20 முதல் 25 கிராம், சோயா பீன்ஸ் 36, வேர்க்கடலை 25, கோதுமை மாவு 11, அரிசி 7. நடுத்தர அளவு முட்டை ஒன்றில் 6 கிராம். பாலில் 100 மில்லிக்கு 3.3 கிராம்.

ஒரு கிலோ பருப்பில் கிடைக்கும் புரதத்தை முட்டையிலிருந்து எடுக்க ஏறக்குறைய 40 முட்டை வேண்டும்; பாலிலிருந்து என்றால் 7 லிட்டர். எலும்போடு வாங்கும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு எலும்புக்கே போய்விடும், கிலோவுக்கு 130 கிராம் புரதம் தேறினால் அதிகம். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பருப்பும் வேர்க்கடலையும் சோயாவும்தான் முன்னால் நிற்கும்.

தேவை எவ்வளவு? பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். இரண்டு பேர், பிள்ளைக்கு இருபத்துச் சொச்சம், ஆக நாளொன்றுக்கு 125 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவருக்கும் 400 கிராம் அரிசி, 400 கிராம் கோதுமை என்றால் அதிலேயே 72 கிராம் வந்துவிடும். தானியத்திலும் புரதம் இருக்கிறது என்பதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 200 கிராம் பருப்பு சேர்த்தால் 118. அதற்கு மேல் ஆளுக்கொரு முட்டை அல்லது அரை லிட்டர் பால். போதும். புரதம் அமினோ அமிலங்கள் என்ற துண்டுகளால் ஆனது; பருப்பில் குறைவாக இருக்கும் அமினோ அமிலம் தானியத்தில் இருக்கிறது, தானியத்தில் குறைவது பருப்பில் இருக்கிறது. ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்றில்லை, ஒரே நாளில் இருந்தால் சரி.

பானப் பொடி: டப்பாவின் பின்பக்கத்தில் பொருட்கள் எடை வரிசையில் அச்சாகியிருக்கும், அதிகம் இருப்பது முதலில். முதல் மூன்றுக்குள் சர்க்கரையும் மால்ட்டும் (முளைகட்டிய தானியச் சாறு) இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான். மருத்துவர் எழுதிக் கொடுத்ததாக இல்லாவிட்டால் நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை முட்டைக்கும் பழத்துக்கும் திருப்புங்கள்.

உலைநீர்:

வேகாத கடலைக்கு மூன்று காரணம் உண்டு. சரக்கு பழசாக இருக்கலாம். வெப்பமும் ஈரமுமான இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு என்ன செய்தாலும் முழுசாக மசியாது. தண்ணீரில் கால்சியம் அதிகம் இருக்கலாம். கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவு விழுந்தால் அந்தத் தண்ணீர்தான். அல்லது புளி, தக்காளி, எலுமிச்சை எதையாவது முன்கூட்டியே போட்டிருப்பீர்கள். புளிப்பு, பயறின் தோலிலும் செல் சுவரிலும் இருக்கும் பெக்டின் என்ற பசையைக் கரையவிடாது. புளிப்பு எதுவானாலும் பயறு நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான்.

உப்பு போட்டால் வேகாது என்பதை நம்ப வேண்டாம், விஷயம் நேர்மாறு. லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, கழுவி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தை உப்பின் சோடியம் பிடித்துக்கொள்வதால் தோல் சீக்கிரம் இளகும். சமையல் சோடாவும் வேலை செய்யும்தான், ஆனால் வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். தண்ணீரில் கால்சியம் அதிகம் இருந்தால் மட்டும் ஊறும்போது ஒரு சிட்டிகை.

குக்கரில் பயறும் தண்ணீரும் சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை மேலே ஏறி ஆவித் துளையை அடைக்கும், தோலும் போய்ச் சிக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஊறிய கொண்டைக்கடலைக்கு அழுத்தம் ஏறியபின் சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம், அழுத்தம் தானாக இறங்கியதும் திறக்கலாம்.

ராஜ்மாவில் மட்டும் விளையாட வேண்டாம். அதில் லெக்டின் என்ற நச்சுப் பொருள் உண்டு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். அரை மணி நேரம் என்றால் இன்னும் நிம்மதி. கொதிநிலைக்குப் போகாத மெதுவான சூட்டில் பல மணி நேரம் வைப்பதுதான் ஆபத்து. அரைவேக்காட்டு ராஜ்மா சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் கொண்டுவரும்.

ஒரு கிண்ணம் காய்ந்த கடலை வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிண்ணம் ஆகும். ஒரே தடவையில் இரண்டு பங்கு வேகவைத்து, பாதியை வெந்த தண்ணீரோடு சிறு பைகளில் தட்டையாக ஃபிரீசரில் வையுங்கள். தட்டையாக வைத்தால் உங்கள் சின்ன ஃபிரீசரிலும் நாலைந்து பை அடங்கும், எரிவாயுவும் மிச்சம்.

மிச்சமீதி:

மற்ற இருவரும் புரதத்திலேயே நிற்கிறார்கள். உங்கள் கடைசி வாரம் காலியாவது காய்கறியில். உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய், பழம் என்கிறது, உங்கள் பிள்ளை வயதுக்கு 350. உருளைக்கிழங்கு இதில் சேராது. மூவருக்கு 1.15 கிலோ. காய்கறிப் பணத்தை மாத ஆரம்பத்திலேயே நான்காகப் பிரித்து உறையில் போட்டுவிடுங்கள், வாரம் ஒரு உறை.

வாங்கிய வாரத்துக்குள்ளும் ஒரு வரிசை வேண்டும். முதல் இரண்டு நாள் கீரை. நடுவில் வெண்டை, கத்தரி, பீன்ஸ். வாரக் கடைசிக்கு முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி. முட்டைக்கோஸை இலை இலையாக உரித்து எடுத்தால் வெட்டிய முகம் கறுக்காது, இன்னும் நாள் தாங்கும்.

கீரையைக் கெடுப்பது இலை மேல் நிற்கும் தண்ணீர். கழுவாமல், அழுகிய இலைகளை மட்டும் பொறுக்கிவிட்டு, உலர்ந்த துணியில் சுற்றி, வாய் லேசாகத் திறந்த பையில் வையுங்கள். துணி ஈரமானால் மாற்றுங்கள். இதைச் செய்தாலே நான்கைந்து நாள் வரும். அதற்குள் முடியாது என்று தெரிந்தால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, பிழிந்து ஃபிரீசருக்கு.

விலையைத் தின்னும் பாகத்துக்குப் போடுங்கள். தோலோடு வாங்கும் பச்சைப் பட்டாணியில் பாதிக்கு மேல் தோல்தான். உறைந்த பட்டாணி கிலோவுக்கு இரண்டு மடங்கு விலை சொன்னாலும் நஷ்டமில்லை, சத்தும் குறையாது.

மிஞ்சிய சோறு விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சமைத்தாலும் சாகாத ஒரு கிருமியின் வித்து அரிசியில் இருக்கும். சாதாரண வெப்பத்தில் கிடந்தால் பெருகி நச்சு விடும், அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே ஒரே தடவை ஆவி பறக்கச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள்.

மாதக்கடைசி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். உலர் சாமான் எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கினால் இன்னும் குறையுமா? பருப்பே போதும் என்றால் முட்டையை அடியோடு விட்டுவிடலாமா?

அரைப்படி:

வெள்ளை அரிசி, பருப்பு, உப்பு, சர்க்கரை மொத்தமாக வாங்கலாம். தவிடு நீக்காத அரிசி, முழுக் கோதுமை மாவு, வேர்க்கடலை, எண்ணெய் வேண்டாம். அவற்றில் உள்ள கொழுப்பு காற்றும் வெப்பமும் பட்டுக் காறிப்போகும். மாதத்துக்கு ஆவதை மட்டும் வாங்குங்கள். வேர்க்கடலையில் பூஞ்சை பூத்ததும் கறுத்ததும் கசப்பதும் இருந்தால் குப்பைக்குத்தான், வறுத்தாலும் அதன் நச்சு முழுதாகப் போகாது.

வண்டு பயம் இருந்தால் பருப்புப் பொட்டலத்தை ஃபிரீசரில் நான்கு நாள் வைத்தால் முட்டையோடு சாகும். வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரியுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

முட்டையை விட வேண்டாம். வைட்டமின் பி12 பருப்பிலும் காயிலும் கிடையாது. முட்டை, பால், மீன், இறைச்சி எதுவுமே இல்லாத வீடு என்றால் மாத்திரை தேவைப்படும். பிள்ளையின் தட்டில்தான் கடைசியாகக் கைவைக்க வேண்டும்.

உலைநீர்:

அரைப்படி சொன்ன 200 கிராம் பருப்புக்கு ஒரே நாளில் தாவாதீர்கள், வயிறு உப்பிவிடும், பிள்ளை பயறையே வெறுத்துவிடும். இப்போது 80 கிராம் போகிறதென்றால் வாரத்துக்கு 30, 40 கிராமாக ஏற்றுங்கள். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள்: பயறு வெந்திருக்கும், சூட்டில் வைட்டமின் சி அதிகம் அழியாது, அந்த சி இருந்தால் பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். டீயும் காபியும் அதைத் தடுக்கும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளியே குடியுங்கள்.