ஐசியூவில் அப்பாவுக்கு மணிக்கு 20 மில்லிதான் போகிறது, போதுமா?

மகன்:
அப்பா நிமோனியாவால் வென்டிலேட்டரில் இருக்கிறார். இன்று மூன்றாவது நாள். எடை 70 கிலோ. மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு, பம்பில் மணிக்கு 20 மில்லி திரவ உணவு ஏற்றுகிறார்கள். ஒரு நாளைக்கு 480 மில்லி. மில்லிக்கு 1 கலோரி என்று பையில் போட்டிருக்கிறது. வழக்கமாக நன்றாகச் சாப்பிடுகிற மனிதருக்கு 480 கலோரி எந்த மூலைக்கு? நேற்று மதியம் அதையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். குளுக்கோஸாவது கூடுதலாக ஏற்றச் சொல்லலாமா?

டயட்டீஷியன் அக்கா:
தம்பி, கணக்கு சரிதான். ஆனால் பெரும்பாலும் தெரிந்தேதான் குறைவாக வைத்திருப்பார்கள். கடும் நோயின் முதல் சில நாட்களில் உடம்பு தன் தசையைக் கரைத்துச் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து எவ்வளவு கொட்டினாலும் அது அடங்காது. ரத்தச் சர்க்கரைதான் ஏறும், வயிறு உப்பும். பிரான்சில் நடந்த நியூட்ரிரியா-3 ஆய்வில் (2023), வென்டிலேட்டரிலும் ஷாக்கிலும் (ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிய நிலை) இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முதல் வாரம் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 6 கலோரி, மற்றவர்களுக்கு 25 கலோரி என்று இலக்கு வைத்தார்கள். இறப்பில் வித்தியாசமில்லை, குறைவாகப் பெற்றவர்கள் ஐசியூவை விட்டு வெளியேறக் கொஞ்சம் முன்னதாகவே தயாரானார்கள். உங்கள் அப்பாவுக்குப் போவது கிலோவுக்குக் கிட்டத்தட்ட 7.

அந்த 20 மில்லி குடல் சும்மா கிடக்காமல் இருக்கத்தான். இனி படிப்படியாகக் கூட்டுவார்கள். அப்போது புரதம் எவ்வளவு என்று கேளுங்கள், ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1.3 கிராம் அளவில் வர வேண்டும். குளுக்கோஸ் வேண்டாம்: 5 சதவீத டிரிப்ஸ் ஒரு லிட்டர் ஏற்றினாலும் 200 கலோரி தேறாது, புரதம் துளியும் இல்லை.

இன்னொன்று, வெள்ளையாக வேறொரு சிரிஞ்சும் ஓடுகிறதா? அது புரொபோஃபால் என்ற மயக்க மருந்தாக இருக்கும். கொழுப்பில் கலந்தது; அதிலும் மில்லிக்கு 1.1 கலோரி போகிறது. நாங்கள் அதையும் கணக்கில் சேர்ப்போம்.

நைட் டியூட்டி:
நர்ஸாக ஒரு வார்த்தை. ஸ்கேனுக்கோ வேறு சிகிச்சைக்கோ தட்டையாகப் படுக்க வைக்கும்போது நிறுத்துவோம், பயப்படாதீர்கள். மற்ற நேரம் தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் குறையக் கூடாது. மூக்கருகே குழாயில் ஒரு அளவுக்குறி இருக்கும், அது நகர்ந்த மாதிரி தெரிந்தால் நீங்கள் தள்ளிவிடாமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

மகன்:
ஆமாம், சி.டி. ஸ்கேனுக்குத்தான் கொண்டுபோனார்களாம். அக்கா, காய்ச்சலுக்கு முன்பே ஒரு மாதமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை, சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. இதைச் சொல்ல வேண்டுமா?

டயட்டீஷியன் அக்கா:
அய்யோ, முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்! வெகுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு வேகமாக உணவு ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் சடாரென்று இறங்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம். தயமின் (பி1 வைட்டமின்) கொடுத்து, பாஸ்பேட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இன்னும் மெதுவாகத்தான் கூட்டுவார்கள். பழைய எடை தெரிந்தால் அதையும், குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் அதையும் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.