புரட்டாசியில் இறங்கிய பழுப்பு வாத்துகளில் ஆணே இல்லையா?

மறுகால் மேடு எழுதியது:

வணக்கம். பாளையங்கோட்டைக்கு அருகே, பாளையங்கால்வாயில் நீர் பெறும் ஒரு நடுத்தரக் குளத்தை மூன்று ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில் பார்த்து வருகிறேன். கையில் இருப்பது 8 மடங்கு பெரிதாக்கும் ஒரு சாதாரண இருநோக்கி மட்டுமே. கார் பருவ நெல் அறுவடை முடியும் தறுவாயில் இருப்பதால் குளத்தில் இப்போது கால்பங்கு நீர்தான் கிடக்கிறது. மேற்குப் பக்கம் முழுவதும் சேறு.

செப்டம்பர் கடைசி ஞாயிறன்று நடுக்குளத்தில் நாற்பதுக்குக் குறையாத சிறிய வாத்துகள் மிதந்துகொண்டிருந்தன. புள்ளி மூக்கு வாத்தும் சீழ்க்கைச்சிறகியும் எனக்கு நன்கு பழக்கமானவை, இவை அவையல்ல. உடல் முழுவதும் பழுப்பு, கண்ணை ஊடறுத்துச் செல்லும் ஒரு கருங்கோடு, அதற்குக் கீழே கன்னத்தில் சற்று மங்கலான இன்னொரு கோடு, அலகு தொடங்கும் இடத்தில் ஒரு வெளிறிய பொட்டு. கையேட்டைப் புரட்டினால் நீலச்சிறகிப் பெட்டையின் படத்தோடு பொருந்துகிறது. ஆனால் அதே பக்கத்தில், ஆணுக்குக் கண்மேல் தொடங்கிப் பிடரி வரை இறங்கும் அகன்ற வெண்பட்டை ஒன்றை வரைந்திருக்கிறார்கள். அப்படி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஆண்கள் பின்னால்தான் வருமா, அல்லது இனத்தையே நான் தவறாகக் கண்டுகொண்டேனா?

இன்னொரு ஐயமும் உண்டு. சென்ற ஆண்டு தீபாவளியை ஒட்டிப் பெய்த மழையில் குளம் பெருகி மறுகால் பாய்ந்தது. அடுத்த ஞாயிறு போனபோது ஒரு வாத்துகூட இல்லை. கரையில் மாடு மேய்க்கும் பெரியவர், "வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து எல்லாம் போயிட்டு" என்றார். நீர் நிறைந்தால் பறவை பெருகும் என்றுதானே நாம் எதிர்பார்க்கிறோம்? அது எப்படித் தலைகீழாக நடந்தது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பொறி உள்ளான் எழுதியது:

நீங்கள் இனத்தைச் சரியாகவே கண்டிருக்கிறீர்கள், அவை நீலச்சிறகிகள். கூட்டத்தில் ஆண்களும் இருக்கின்றன, அவற்றை உங்களால் பிரித்தறிய முடியவில்லை, அவ்வளவுதான். இந்தப் பருவத்தில் நாற்பதாண்டு அனுபவம் உள்ளவர்களும் வாத்து மிதந்துகொண்டிருக்கும்போது பிரித்தறியத் திணறுவார்கள்.

வடக்கே, ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரந்து கிடக்கும் இனப்பெருக்க நிலங்களில், பெட்டை அடைகாக்கத் தொடங்கியதும் ஆண்களின் வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் அவை பகட்டான இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போன்ற மங்கிய பழுப்புக்கு மாறுகின்றன. அதே சமயத்தில் பறப்பதற்கான சிறகிறகுகளும் ஒட்டுமொத்தமாக உதிர்ந்துவிடுவதால், சில வாரங்களுக்கு அவற்றால் பறக்கவே முடியாது. பறந்து தப்ப இயலாத காலத்தில் நாணலுக்குள் ஒளிந்திருக்கப் பழுப்பு உடல்தான் உதவும். சிறகிறகுகள் மீண்டும் முளைத்தவுடன், உடலின் பழுப்பு மாறுவதற்குக் காத்திராமலேயே, நீலச்சிறகிகள் தெற்கே கிளம்பிவிடுகின்றன. மற்ற வாத்துகளைவிட இவை அந்த மங்கிய உடையை நீண்ட காலம் வைத்திருக்கும் இனம். ஊசிவால் வாத்தின் ஆண் மார்கழிக்குள் பெரும்பாலும் பழைய பொலிவைப் பெற்றுவிடும். நீலச்சிறகியின் வெண்புருவத்தை நம் குளங்களில் நன்றாகப் பார்க்க வேண்டுமானால் தை, மாசி வரை பொறுத்திருக்க வேண்டும். இந்த ஆண்டு பொரித்த இளம் பறவைகளும் பழுப்பாகவே இருக்கும் என்பதால், புரட்டாசிக் கூட்டம் முழுவதும் பெட்டைகளாகத் தோன்றுவது இயல்பே.

இருந்தாலும் ஒரு வழி உண்டு. உடல் இறகு மங்கினாலும், ஆணின் சிறகு முன்பகுதியில் உள்ள வெளிறிய சாம்பல் நீலம் மங்குவதில்லை. இனத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். பெட்டைக்கு அந்த இடம் வெறும் பழுப்புச் சாம்பல். ஆகையால் மிதக்கும் வாத்தைப் பார்த்து நேரத்தைச் செலவிடாமல், ஏதேனும் ஒன்று எழுந்து நின்று சிறகடித்துச் சோம்பல் முறிக்கும் வரை, அல்லது சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து கூட்டத்தைக் கிளப்பும் வரை, காத்திருங்கள். கிளுவை என்ற இன்னொரு சிறிய வாத்தோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க முகத்தையும் வாலையும் பாருங்கள். கிளுவையின் முகம் இவ்வளவு கோடுகள் இல்லாமல் வெறுமையாகவும், வாலடியின் பக்கவாட்டில் வெளிறிய ஒரு கீற்றோடும் இருக்கும்.

மேற்குப் பக்கச் சேற்றைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே என்று எனக்குச் சிறிது வருத்தம். வலசை புரட்டாசியில் தொடங்குவதில்லை; ஆடி முடிவதற்குள்ளேயே பொறி உள்ளான்கள் வந்து அந்தச் சேற்றில் வாலை ஆட்டிக்கொண்டு நடந்திருக்கும். முதலில் வருபவை முதிர்ந்த பறவைகள். குஞ்சுகளை வடக்கிலேயே விட்டுவிட்டு அவை கிளம்பிவிடுகின்றன. வழிகாட்ட ஆளில்லாத அந்தக் குஞ்சுகள் சில வாரங்கள் கழித்துத் தாமாகவே வந்து சேருகின்றன. புது நோட்டுப் புத்தகம் போல ஓரம் தேயாத, வரிசை குலையாத முதுகுப் புள்ளிகளோடு ஓர் உள்ளானை இப்போது பார்த்தீர்களானால், அது பெரும்பாலும் இந்த ஆண்டுக் குஞ்சாகத்தான் இருக்கும்.

பிசானக்காரர் எழுதியது:

முதல் கேள்விக்கு நண்பர் தெளிவாக விடையளித்துவிட்டார். இரண்டாவதற்கு, குளத்துப் பாசனத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

நீலச்சிறகி மூழ்கி இரைதேடும் வாத்து அன்று. தலையை நீருக்குள் விட்டு, வாலை வானத்தைப் பார்க்க நிறுத்தி, கழுத்து எட்டும் ஆழத்தில் கிடைக்கும் விதையையும் பாசியையும் புழுவையும்தான் தின்னும். அந்தக் கழுத்து எவ்வளவு நீளம் இருந்துவிடப் போகிறது? முழங்கால் அளவு நீர் அதற்குத் தாராளம். இடுப்பளவு வந்துவிட்டால் குளத்தின் தரை அதற்கு எட்டாது. உங்கள் குளம் மறுகால் பாய்ந்த அன்று, புரட்டாசியில் அவை மேய்ந்த தரையெல்லாம் ஆள் ஆழத்துக்குப் போயிருக்கும். சேற்றை நம்பி வந்த உள்ளான்களுக்கோ கால் வைக்கவே இடமிருந்திருக்காது. நமக்குக் கடல்போல் தெரியும் நிறைகுளம் அவற்றுக்கு மூடப்பட்ட சாப்பாட்டுக்கடை.

அவை எங்கே போயின என்று கேட்டால், தொலைவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. ஆற்றுக் கால்வாய்க் குளங்களுக்குக் கார் சாகுபடிக்கும் நீர் கிடைக்கும். ஆனால் தெற்கே நாங்குநேரிப் பக்கத்துக் குளங்கள் பலவும் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து அதுவரை வறண்டு கிடப்பவை. ஐப்பசி, கார்த்திகையில் அவற்றில் முதல் நீர் பரவும்போது, காய்ந்த தரையில் முளைத்திருந்த புல்லின் விதையெல்லாம் ஆழமில்லாத நீரில் மிதக்கும். வாத்துக்கு அதைவிடச் சிறந்த விருந்து வேறில்லை. மணிமுத்தாற்றுக் கால்வாய் நீரையும் எதிர்பார்த்திருக்கும் கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்துக்கு, மங்கோலியாவிலும் திபெத்திலும் முட்டையிடும் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வந்து சேருவதும் இதற்குப் பிறகுதான். ஆகவே உங்கள் குளத்தை மட்டும் எண்ணினால் "வாத்து போய்விட்டது" என்று தோன்றும். நாலைந்து குளங்களைச் சேர்த்து எண்ணினால் இடம் மாறியிருக்கிறது என்று தெரியும்.

இன்னொன்று, நீலச்சிறகி பகலில் குளத்தில் மிதந்தாலும், மேய்ச்சலுக்குப் பெரும்பாலும் இரவில் வயலுக்குப் போகும். பிசானப் பருவ நெல் நாற்று நட்ட புதிதில், நள்ளிரவில் தண்ணீர் பாய்ச்சப் போனபோது, டார்ச் வெளிச்சத்துக்கு வயலிலிருந்து ஒரு கூட்டம் எழும்பி என் தலைக்கு மேலே சிறகொலியோடு போனதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மறுநாள் வயலில் மிதித்த நாற்றைப் பார்த்துத் திட்டியதும் உண்டு; அந்த வயதில் பறவை நேசம் எல்லாம் எனக்கு இல்லை.

வேட்டுக்குப் பயந்து போயின என்பதை நான் ஏற்கவில்லை. ஓரிரவு கலைந்து போகலாம், ஒரு வாரமாகியும் வராமல் இருக்காது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடிக்காமல் இருக்கிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். அங்கே வேட்டங்குடிச் சரணாலயத்தின் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு வைத்திருக்கும் நாரைகளுக்காக அந்த வழக்கம். கூட்டை விட்டுத் தாய்ப்பறவை கிளம்பினால் குஞ்சுக்குக் கேடு. கூடே இல்லாத வாத்தின் கதை வேறு.

நாமக்கோழி எழுதியது:

பெரியவர் பிசானக்காரர் சொன்ன ஆழக் கணக்கை நானும் ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் மாடு மேய்க்கும் ஐயாவை அவ்வளவு விரைவாகத் தள்ளிவிட வேண்டாம் என்று பணிவுடன் சொல்ல விரும்புகிறேன். அவர் சொன்ன வேட்டு தீபாவளி வேட்டுதானா என்று கேட்டுப் பாருங்கள். குளம் நிறைந்தவுடன் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் குஞ்சு மீன் விடுவார்கள். நீர்க்காகமும் கூழைக்கடாவும் அதைத் தின்றுவிடும் என்று நாள்தோறும் கரையிலிருந்து வெடி போட்டு விரட்டுவது எங்கள் பக்கத்துக் குளம் ஒன்றில் நான் கண்ணால் கண்டது. அங்கே குத்தகைதாரரின் ஆள் வரப்பில் குடை போட்டு உட்கார்ந்து, அரைமணிக்கு ஒருமுறை ஒரு வெடியைக் கொளுத்திவிட்டு மறுபடி பீடி பற்றவைப்பார். மீனைத் தொடாத வாத்தும் சேர்ந்துதான் கிளம்பும். ஒரு நாள் வெடிக்குத் திரும்பி வரும் பறவை, முப்பது நாள் வெடிக்குத் திரும்புமா?

ஆழமா, வெடியா என்பதைப் பேசித் தீர்க்க முடியாது, எழுதி வைத்தால் தீர்க்கலாம். மடையில் இறங்கும் கற்படிகளில் எத்தனை படி நீருக்கு வெளியே இருக்கின்றன என்பதை ஒவ்வொரு வாரமும் குறியுங்கள். வெடிச் சத்தம் கேட்டதா என்பதையும் குறியுங்கள். ஒரு வாத்தும் இல்லாத ஞாயிறையும் கட்டாயம் பதிவு செய்யுங்கள். நம்மில் பலர் செய்யும் தவறு, பறவை இருந்த நாளை மட்டும் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்டு இணையதளத்தில் ஏற்றிவிட்டு, வெறும் குளத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளைப் பேசாமல் விட்டுவிடுவது. பார்த்த எல்லாப் பறவைகளையும் சேர்த்த முழுப்பட்டியலாக அனுப்பினால்தான், வாத்து அதில் இல்லாததற்கும் பொருள் உண்டு.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு சனவரியிலும் நடக்கிறது. தாமிரபரணிக் குளங்களுக்கென்று தனியாக 2011 முதல் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. இரண்டும் தை மாதக் கணக்குகள். புரட்டாசியில் உங்கள் குளத்தில் இருந்த நாற்பது வாத்துகள் தைக்குள் வேறு குளத்துக்குப் போயிருந்தால், அவை இங்கே தங்கி மேய்ந்தது அந்தக் கணக்குகளில் வராது. அதற்கு உங்கள் குறிப்பேடு ஒன்றுதான் சாட்சி.

மறுகால் மேடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்றுக் காலை ஐந்தே முக்காலுக்கே போய், கிழக்குக் கரையில் வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டேன். ஒன்றரை மணி நேரம் எதுவும் சிறகை விரிக்கவில்லை. ஏழரைக்கு மேல் ஒன்று மார்பை நிமிர்த்தி எழுந்து நாலைந்து முறை அடித்துக்கொண்டது. சிறகின் முன்பகுதி, அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பலில் சொட்டு நீலம் கலந்தது போல இருந்தது. அதன்பின் நாய் ஒன்று சேற்றில் இறங்கியதால் கூட்டமே எழும்பியது. 37 எண்ணினேன், அவற்றில் சாம்பல் நீலம் 9 என்று நினைக்கிறேன். அந்த 9 மட்டும் உறுதியில்லை, ஒன்றிரண்டை இருமுறை எண்ணியிருக்கலாம்.

சேற்றில் பொறி உள்ளான்கள் 14 இருந்தன. மூன்று ஆண்டுகளாக அவற்றைக் கவனிக்காமல் போனதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாடு மேய்க்கும் ஐயாவிடமும் கேட்டேன். "தீவாளி வேட்டு இல்லப்பா, மீன்காரன் போடுத வேட்டு" என்றார். கார்த்திகை முழுக்க வெடித்ததாகவும் சொன்னார். ஆனால் வாத்து போனது வெடி தொடங்கிய பிறகா, அதற்கு முன்பே நீர் ஏறியபோதா என்று கேட்டபோது, யோசித்துவிட்டு, "அதை யாரு பாத்தா" என்று மாட்டைப் பற்றிக்கொண்டு போய்விட்டார். மடையில் இன்று 11 படிகள் வெளியே தெரிகின்றன. குறித்துவிட்டேன்.